நாக்கில் படாத பீர்

மூடியைத் திறந்த கையோடு பாட்டிலின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, தலைகீழாகக் கவிழ்த்து, தண்ணீர் நிறைந்த கிளாஸுக்குள் அதன் கழுத்தை நிறுத்திவிட்டு, ஸ்தனிஸ்லாஸ் உதட்டுக்குள் ஒரு மாதா செபம் சொல்லத் தொடங்குவார். 'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பித்து 'ஆமென்' என்று முடிக்கிற நேரம்தான் அவருக்கு அளவு. அதற்குள் பாட்டிலின் வாயிலிருந்து பாகு போல ஏதோ ஒன்று நெளிந்து நெளிந்து தண்ணீருக்குள் இறங்கும். "பாத்தீங்களா சார்? கிளிசரின். தலைவலிக்காரன் எறங்கிப் போறான், போகட்டும்" என்பார். பீர் கெடாமலிருக்க அதைக் கலக்கிறார்கள் என்பது அந்தக் காலத்துக் கிளப்புகளில் எல்லாருக்கும் இருந்த நம்பிக்கை. புதிதாகக் குடிக்க வந்தவர், ஏதோ அறுவைச் சிகிச்சையைப் பார்ப்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்.

"மாதா செபத்தைப் போய் பீருக்குச் சொல்றியேடா, வெளங்குமா?" என்று பின்னறையிலிருந்து அக்கா வியாகுலம்மாள் திட்டுவாள்.

"நீ முட்டை அவிக்கிறதுக்கு மூணு செபம் சொல்றியே, அது மட்டும் புண்ணியத்துல சேருமா?" என்று இவர் கேட்பார். கிளாஸை அலசிக்கொண்டே அவள் சிரித்துவிடுவாள்.

திருச்சி கன்டோன்மென்டில், பழைய தூங்குமூஞ்சி மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு கிளப் அது. பாருக்கும் பின்னறைக்கும் இடையில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. கிளாஸ்கள் போவதும் வருவதும் அதன் வழியாகத்தான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டில் தம்பி, இந்தப் பக்கம் வெந்நீர்த் தொட்டியோடு அக்கா. மேஜை விரிப்பு, கைத்துண்டு, கிளாஸ் எல்லாம் அவள் பொறுப்பு. ஐந்தாவது வரை படித்தவள். தாய் இறந்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தன்னைவிட ஆறு வயது இளையவரான ஸ்தனிஸ்லாஸை இடுப்பில் தூக்கியவள். அதனால் அவரைப் பற்றி அவள் சொல்வதில் பெருமை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் பொய் இருக்காது.

அந்த நாக்கை அவள் முதலில் கண்டுபிடித்தது அவருக்கு ஆறு வயதில். பாலக்கரையில் வீட்டுக்குப் பால் ஊற்றிய காத்தான், மாட்டுக்குக் கடலைப் புண்ணாக்கை நிறுத்தி எள்ளுப் புண்ணாக்கு வைத்த அன்று, பையன் டம்ளரைத் தள்ளிவிட்டான். "இது வேற மாடுக்கா" என்றான். காத்தானைக் கேட்டபோது, "மாடு அதேதான் தாயி, தீனிதான் வேற. உன் தம்பி வாயில என்னத்த வச்சிருக்கான்?" என்று அசந்துபோனார். அன்றிலிருந்து குழம்புக்கு உப்புப் பார்ப்பது, மல்லியில் உமி கலந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர் வேலையாயிற்று.

எழுபத்திரண்டில் அவரைக் கிளப்பில் சேர்த்துவிட்டதும் அவள்தான். மதுவிலக்கு தளர்ந்திருந்த நேரம். இரண்டே வருஷத்தில் மறுபடி வந்துவிட்டது. அதன் பிறகு பர்மிட் வைத்திருந்த ஏழெட்டுப் பேர் மட்டும், மருந்து வாங்க வந்தவர்கள் போல வந்து போனார்கள். மற்ற நேரம் பார் காலி. அந்தக் காலி வருஷங்களில்தான் ஸ்தனிஸ்லாஸ் பீரைப் படித்தார். புதுப் பெட்டி வந்தால் ஒரு பாட்டிலிலிருந்து ஒரு மேஜைக்கரண்டி எடுத்து நாக்கில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு, "இது மழைக்காலத்துல காச்சினது" என்பார். அல்லது, "லாரியில தார்ப்பாய் போடாம வந்திருக்கான், வெயிலைக் குடிச்சிருக்கு. நனைஞ்ச நாய் மாதிரி வாசனை" என்பார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் வெயில் பட்ட பக்கம் அட்டை வெளுத்திருக்கும். அந்தக் கரண்டியையும் சனிக்கிழமை ஒரு கிளாஸையும் தவிர அவர் அதிகம் குடித்ததில்லை. "ரெண்டாவது கிளாஸ் தொண்டைக்குப் போறது. நாக்குக்கு அதுல பங்கு இல்ல" என்பது அவர் கொள்கை.

எண்பத்தொன்றில் மதுக்கடைகள் திறந்தன. கிளப்புக்குப் புதிய முகங்கள் வந்தன. வங்கி அதிகாரிகள், காலேஜ் ஆசிரியர்கள், மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்காரர்கள். பீர் என்றால் என்னவென்றே தெரியாமல், ஆனால் தெரிந்ததுபோல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஐஸ்கோல்டா ஒண்ணு" என்று கேட்பவர்கள். ஸ்தனிஸ்லாஸுக்கு அந்த வார்த்தையே ஆகாது. "ஐஸ்ல மரத்துப்போன நாக்குக்குப் பீரும் ஒண்ணுதான், பச்சத்தண்ணியும் ஒண்ணுதான் சார். பானைத் தண்ணி ஜில்லுனு இருக்குமில்ல, அதைவிட ஒரு பிடி கூடுதலா இருந்தாப் போதும்" என்று சொல்லி, ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலைப் பத்து நிமிஷம் வெளியே நிற்க வைப்பார். அந்தப் பத்து நிமிஷம்தான் அவருடைய வகுப்பு.

முதல் பாடம் கிளாஸ். சோப்புப் போட்டுக் கழுவிய கிளாஸில் நுரை நிற்காது. ஆப்பசோடா போட்ட வெந்நீரில் அலசி, துணி படாமல் கவிழ்த்து உலர்த்த வேண்டும். அதை அக்கா செய்தால்தான் அவருக்குத் திருப்தி. "எங்க அக்கா கழுவின கிளாஸ்ல, நீங்க எத்தனை வாய் குடிச்சீங்களோ அத்தனை வளையம் நுரையில நிக்கும் சார், எண்ணிப் பாத்துக்கங்க" என்பார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவள் அதைக் கேட்காததுபோல் இருப்பாள். அடுத்த கிளாஸை இன்னும் ஒரு தடவை அலசுவாள்.

பிறகு ஊற்றுவது. கிளாஸைச் சாய்த்து, பாதி ஏறியதும் நிமிர்த்தி, மேலே இரண்டு விரல் உயரம் நுரை. நுரையை வீண் என்று நினைப்பவர்களிடம், "அதான் சார் பீருக்குப் போர்வை" என்பார். பிறகு வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நிறம் பார்க்கச் சொல்வார். பிறகு மூக்கு. வாசனைகளுக்கு அவர் வைத்திருந்த பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. மண்ணச்சநல்லூர் மில்லில் நெல் அவிக்கிற வாசனை, புளித்த ஆப்பமாவு, வேப்பம்பூ காய்கிற முற்றம், நனைந்த அட்டைப்பெட்டி. "நீங்க எதை மோந்திருக்கீங்களோ அதுலேர்ந்து சொல்லுங்க சார். என் வாசனை எனக்கு, உங்க வாசனை உங்களுக்கு. தப்புன்னு ஒண்ணு இல்ல." கடைசியாகத்தான் வாய். முதல் வாய் நாக்கைக் கழுவ. இரண்டாவது வாய்தான் பீருக்கு. "கசப்பு வந்ததும் மூஞ்சியைச் சுளிக்காதீங்க. வந்த விருந்தாளியை வாசல்லயே வெரட்டுற மாதிரி அது. உக்கார வைங்க. போறப்ப ஏதாவது குடுத்துட்டுத்தான் போகும்."

ஸ்ரீரங்கத்து கோபுதான் அவரிடம் வந்த மாணவர்களிலேயே கெட்டிக்காரர். உத்தர வீதியில் வீடு, கன்டோன்மென்டில் ஒரு வங்கியில் அதிகாரி. முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை மெதுவாகத் தள்ளினார்.

"என்னய்யா ஸ்தனிஸ்லாஸ், இதுக்கா ஊர்ல இத்தனை ஆர்ப்பாட்டம்? எங்காத்து நிலவேம்புக் கஷாயம் இதைவிடத் தேவலை."

"நிலவேம்பு குடிச்சு வளந்த நாக்கா சார்? அப்ப பாதிப் பாடம் முடிஞ்சுபோச்சு. சும்மா ஒக்காருங்க."

கோபு உட்கார்ந்தார். மூன்றாவது வாரம், கண்ணை மூடிக்கொண்டு கிளாஸை மோந்து, "இதுல கொஞ்சம் துளசி இருக்காப்பல இருக்கே" என்று அவர் சொன்னபோது, ஸ்தனிஸ்லாஸ் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அக்கா, கேட்டியா? துளசியாம்! எனக்கே இத்தனை வருஷம் பேர் கெடைக்காம இருந்துச்சு" என்று குதூகலப்பட்டார். ஒரு பாட்டில் முடிந்ததும் கோபு கிராம்பைக் கடித்துக்கொண்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, காவிரிப் பாலம் வரும்போது படிக்கட்டுக்கு நகர்ந்துவிடுவார். வாசனை காற்றோடு போய்விடும் என்று கணக்கு. "என் வாசனை போகுதோ இல்லையோ, கண்டக்டர் தினம் திட்டறான்" என்பார்.

அப்படி இருந்த மனிதர் ஒரு நாள் கரண்டியைக் கழுவித் துடைத்து அக்காவிடம் கொடுத்தார். "இதை வேற எதுக்காவது வச்சுக்க" என்றார். எண்பத்துமூன்று நவம்பர் மாதம்.

அவருக்கு ஒரே பெண், ரோசரி. பத்து வயது. தொண்டை வலி என்று ஆரம்பித்தது. இரண்டு வாரத்தில் ஒரு முழங்கால் வீங்கியது, மறுநாள் மற்றொன்று, பிறகு கணுக்கால். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூட்டுக் காய்ச்சல், இதயத்தைத் தொட்டிருக்கிறது என்றார் டாக்டர். பிள்ளையைக் கட்டிலிலிருந்து இறக்கவே கூடாது என்றார். ரோசரியின் தாய் அற்புதம்மாள் கட்டிலை விட்டு நகரவில்லை. ஸ்தனிஸ்லாஸ் ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் திருக்காட்டுப்பள்ளி பஸ் ஏறிப் பூண்டி மாதா கோயிலுக்குப் போனார்.

பொருத்தனை, அதாவது நேர்த்திக்கடன், என்றால் என்னவெல்லாமோ உண்டு. தலைமுடி கொடுப்பார்கள், பிள்ளையின் உயரத்துக்கு மெழுகுவர்த்தி கொடுப்பார்கள், திருச்சியிலிருந்து நடந்து போவார்கள். இவர் வெகு நேரம் பீடத்துக்கு முன்னால் நின்று யோசித்தாராம். திரும்பி வந்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அக்காவிடம் சொன்னார்.

"நடக்கிறது எல்லாரும் நடக்கிறாங்க. என்கிட்ட இருக்கிறது ஒண்ணுதான். அதைக் குடுத்துட்டு வந்துட்டேன் அக்கா. ரோசரி தன் காலால நடந்து பூண்டிக்கு வர்ற வரைக்கும் என் நாக்குல பீர் படாது."

ரோசரியிடமும் சொன்னார்கள். வலியிலும் வாய் குறையாத பெண் அது. "நாக்கைக் குடுத்துட்டியாப்பா? அப்புறம் எப்படிப் பேசுற?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "நான் நடந்து வந்த உடனே பூண்டியில வச்சே குடிச்சிடாத. மாதா பாப்பாங்க. திருச்சிக்கு வந்து குடி" என்றாள்.

ஜனவரியில் வீக்கம் வடிந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். ஒரு நாள் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் ஒரு பாதத்தை வைத்துப் பார்த்தாள். மார்ச் முதல் தேதி, சாம்பல் புதனுக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை விடியும்போது மூச்சுத் திணறியது. ஒன்பது மணிக்கு முடிந்துவிட்டது.

எட்டாம் நாள் ஸ்தனிஸ்லாஸ் வேலைக்கு வந்தார். பாட்டிலைத் திறந்தார், கவிழ்த்தார். உதடு அசையவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் கணித்தார். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். செபத்தைத்தான் விட்டுவிட்டார், பொருத்தனையை விட்டிருக்கமாட்டாரா என்று மனத்தில் ஒரு எண்ணம் ஓடியது. அந்தச் சனிக்கிழமை வழக்கமான கிளாஸைக் கழுவி ஜன்னலில் வைத்தாள். அது காய்ந்தபடியே திரும்பி வந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போயிற்று. புதியவர்களுக்குப் பாடம் நடந்தது. நிறம், நுரை, வாசனை எல்லாம் முன்போலவே சொல்வார். வாய் என்று வரும்போது மட்டும், "அது நீங்க சொல்லுங்க சார்" என்று நிறுத்திக்கொள்வார். பெட்டிகளை மூக்காலேயே தரம் பார்த்து அனுப்பினார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

எண்பத்தைந்து மே மாதம் டென்னிஸ் போட்டி முடிந்த விருந்தில் சரியாக இல்லாமல் போயிற்று. மூக்குக்கு எதுவும் தெரியாத குறை அது. மூடித் தகரத்தின் கோளாறோ என்னவோ, துருப்பிடித்த ஆணியை நக்கியதுபோல் இருந்ததாம். வெளியூர் விருந்தாளிகள் புல்தரையில் துப்பினார்கள். கிளப் செக்ரட்டரி பாருக்கு வந்து, எல்லார் எதிரிலும் ஒரு கிளாஸை ஊற்றி ஸ்தனிஸ்லாஸ் முன்னால் வைத்தார்.

"குடிச்சுப் பாரு. என்ன லட்சணத்துல இருக்குன்னு நீயே சொல்லு."

ஸ்தனிஸ்லாஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரு வாய் குடிச்சுப் பாத்து அனுப்ப உனக்கு என்னய்யா கேடு? பீர் குடிக்கமாட்டேன்னா பார்ல உனக்கு என்ன வேலை?"

"தப்பு என்னுதுதான் சார்" என்றார். பொருத்தனையைப் பற்றி அங்கே ஒருவருக்கும் தெரியாது. சொல்லியிருந்தால் செக்ரட்டரியே கண் கலங்கியிருப்பார், கெட்டவரில்லை. சொல்லவில்லை. வருஷக் கடைசி வரை பார்ப்பேன், மாறாவிட்டால் டென்னிஸ் மைதானத்துப் பக்கம் டீ கொடுக்க அனுப்பிவிடுவேன் என்று செக்ரட்டரி சொல்லிவிட்டுப் போனார். பின்னறையில் அக்காவின் கையிலிருந்த கிளாஸ் கழுவி முடித்த பிறகும் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் பங்குச் சாமியார் அமிர்தராஜைப் பார்த்தாள். நடந்ததைத் தேதி தவறாமல் சொன்னாள். அவர் முழுதும் கேட்டார்.

"பிள்ளை நடக்கணும்னு வச்ச பொருத்தனைம்மா. பிள்ளையை ஆண்டவர் எடுத்துக்கிட்டார். அதோட அதுவும் முடிஞ்சது. இதுல பாவம் ஒண்ணும் இல்ல. தம்பிக்குச் சந்தேகம் இருந்தா பொருத்தனையை நான் அவிழ்த்துவிட்டேன்னு சொல்லு. எனக்கு அந்த அதிகாரம் உண்டு."

இந்தப் பதிலை மடியில் கட்டிக்கொண்டது போல் அவள் வேகமாக வீட்டுக்கு வந்தாள். ஸ்தனிஸ்லாஸ் செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தார். சாமியார் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள்.

"சாமி நல்லவரு" என்றார் அவர்.

"அவ்வளவுதானா? உன் பொழப்பு போயிடும்டா. அந்த நாக்கை வச்சுக்கிட்டு டென்னிஸ்காரனுக்கு டீ ஆத்துவியா?"

"நான்தான் சரியாப் பேசலக்கா. நடந்து வர்ற வரைக்கும்னு சொன்னேன். வரலைன்னா என்னன்னு மாதாவும் கேக்கல, நானும் சொல்லல."

"அதான் சாமி முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாரே."

ஊசியை வாரில் குத்தி அப்படியே விட்டார். "சாமி சொல்லலாம். நான் எப்படிச் சொல்றது? ஒரு வாய் குடிச்சேன்னா, இனிமே அவ நடந்து வரமாட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

உள்ளே அற்புதம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. வியாகுலம்மாள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை. எதையும் பாதியில் விடுகிற சுபாவம் அவளுக்குக் கிடையாது.

கண் டாக்டர் கிளமென்ட் கிளப்பின் பழைய அங்கத்தினர். ஆறு மாதப் பயிற்சிக்குப் பெல்ஜியம் போயிருந்தவர், கிறிஸ்துமஸுக்குத் திரும்பி வந்தார். பெட்டிக்குள் துண்டில் சுற்றி இரண்டு பாட்டில் பீர் கொண்டுவந்திருந்தார். அதை அவர் பின்னறையில் வியாகுலம்மாளிடம் சொன்னபோது, அவள் முதல் முறையாகக் கிளப்பைச் சேர்ந்த ஒருவரிடம் பொருத்தனையையும் சாமியார் சொன்ன பதிலையும் சொன்னாள். "நீங்க சொன்னா ஒருவேளை கேப்பான் டாக்டர்" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு, மத்தியானம். வருஷம் முடிய இரண்டு நாள் பாக்கி. பாரில் டாக்டரும் கோபுவும் மட்டும். டாக்டர் பாட்டில்களை மேஜையில் வைத்தார். குட்டையான, பருத்த பாட்டில்கள். கறுப்பாக இருந்தது உள்ளே.

"இது என்ன தெரியுமா ஸ்தனிஸ்? அங்கே ஒரு மடத்துல துறவிங்க காச்சறது. கம்பெனி கிடையாது. சாமியாருங்களே தானியம் ஊறவச்சு, காச்சி, பாட்டில்ல அடைக்கிறாங்க. வருஷத்துக்குக் கொஞ்சம்தான்."

ஸ்தனிஸ்லாஸ் நம்பாமல் பார்த்தார். "பூசை வைக்கிற கையாலயா சார்?"

"அதே கைதான்."

அவர் சிரித்துவிட்டார். ரோசரி போன பிறகு அந்தச் சிரிப்பை அக்கா கேட்டதில்லை. "நம்ம பங்குல இப்படி ஒரு சாமியார் இருந்தா, கோயில்ல ஒக்கார எடம் கெடைக்குமா?" என்றார்.

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் மண்டி தெரிந்தது. "இதைக் கவுக்கக் கூடாது சார், பாவம். மண்டி கலங்கிடும்" என்று, கிளிசரின் வேலை எதுவும் செய்யாமல், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல் கிளாஸைச் சாய்த்து ஊற்றினார். காப்பி நிறத்தில் நுரை எழுந்தது. டாக்டருக்கு ஒன்று, கோபுவுக்கு ஒன்று. டாக்டர் விடாமல் மூன்றாவது கிளாஸிலும் ஊற்ற வைத்தார்.

அந்த மூன்றாவதை ஸ்தனிஸ்லாஸ் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார்.

"ஊறப்போட்ட பேரீச்சம்பழம்" என்றார். "கருப்பட்டி இருக்கு. தீஞ்ச கருப்பட்டி. அதுக்குப் பின்னால கிராம்பு... இல்ல, கிராம்பு இல்ல. சாமி உடுப்பு வைக்கிற பழைய பீரோவைத் திறந்தா வருமே, மரமும் சாம்பிராணியும் சேந்து, அது. இன்னும் உள்ள என்னமோ இருக்கு சார். மூக்குக்கு எட்டல."

கோபு ஒரு வாய் குடித்துவிட்டு வார்த்தைக்குத் தவித்தார். "எங்காத்துல அக்காரவடிசல் பண்ணுவா. உருளியில அடிப்பிடிச்ச எடம் இருக்கே, சுரண்டிச் சாப்பிடுவோமே, அதோட ஜாடை. ஆனா முழுக்க அதுவும் இல்லை. எனக்குச் சொல்லத் தெரியலை. இது உமக்குத்தான் ஓய் தெரியும்."

"குடிச்சுப் பாருய்யா" என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது. "காச்சினவர் சாமியார். உனக்கு அனுமதி குடுத்தவரும் சாமியார். இன்னும் யாருய்யா சொல்லணும்?"

ஸ்தனிஸ்லாஸ் கண்ணைத் திறந்தார். டாக்டரைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பினார். "அக்கா வேலையா இது?" என்றார். கோபம் இல்லை. அவள் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர். அவ்வளவு தூரத்துலேர்ந்து கொண்டாந்தீங்க" என்று கிளாஸை மேஜையில் வைத்தார்.

டாக்டர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. ஒன்றும் புரியாத கோபு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போகும்போது ஸ்தனிஸ்லாஸின் தோளில் கை வைத்து, "செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் நான் டென்னிஸ் பக்கமே வந்து உக்காந்துக்கறேன். நீர் ஆத்தற டீயில என்ன வாசனைன்னு பாத்துடுவோம்" என்றார். வேடிக்கையாகச் சொல்ல நினைத்தார். முடியவில்லை.

பார் காலியாயிற்று. வெளியே தோட்டக்காரர் சருகு கூட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. வியாகுலம்மாள் காத்திருந்தாள். கிளாஸ் ஜன்னல் வழியாகக் கழுவ வரும், அந்தக் கறுப்பைத் தொட்டியில் கொட்டும்போது மட்டும் தம்பி பார்க்காமலிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜன்னல் வழியாக வரவில்லை. ஸ்தனிஸ்லாஸ் சுற்றிக்கொண்டு, பின்னறைக் கதவு வழியாகத் தாமே வந்தார். இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்திருந்தார். நுரை அடங்கி ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடாக நின்றது.

"அக்கா. நீ குடிச்சுச் சொல்லு."

"சீ, எனக்கென்னடா தெரியும்? அம்பத்திரண்டு வயசாச்சு, நான் ஒரு சொட்டு நாக்குல வச்சதில்ல."

"தெரிய வேணாம். சும்மா சொல்லு. எனக்கு வேற யாரு சொன்னாலும் புரியாது."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஒரு தடவை துடைத்தது போதாமல் இன்னொரு தடவை துடைத்தாள். அவர் கிளாஸை விடவில்லை. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி புகட்டுவது போல, அவள் தாடைக்குக் கீழே ஒரு கையை வைத்துக்கொண்டு, விளிம்பை அவள் உதட்டுக்குக் கொண்டுவந்தார். முதலில் கசந்தது. அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. வாயிலேயே வைத்துக்கொண்டு, அவர் கண்களையே பார்த்தாள். அந்தக் கண்கள் அவள் வாயை விட்டு நகரவில்லை.

அவள் விழுங்கினாள். எதிரே, வெள்ளைக் கோட்டின் காலருக்கு மேலே, அவர் தொண்டையும் ஒருமுறை ஏறி இறங்கியது.